பரணிலிருந்து இறக்கிய கம்ப்யூட்டர்

ஜூலை 3, திங்கள்

காலையில் பரணிலிருந்து பழைய கம்ப்யூட்டரை இறக்கினேன். சிபியு பெட்டி, மானிட்டர், கீபோர்டு, மவுஸ், கூடவே நாலைந்து வயர்கள். எல்லாம் பழைய வேட்டியில் சுற்றிக் கட்டியிருந்தது. முன்னறையில் மேஜை போட்டு, தூசி தட்டி, வயர்களை மாட்டி, சுவிட்சைப் போட்டு, பெட்டியின் பட்டனை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. விளக்கு எரியவில்லை. விசிறி சுற்றவில்லை. ஒரு சத்தமும் இல்லை.

செண்பகம் அடுப்படியிலிருந்து கம்பை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தாள்.

"இத என்னத்துக்கு இப்ப இறக்குனீங்க?"

"உனக்குச் சீட்டு விளையாடத்தான். ஆபரேஷன் பண்ண காலோட எந்நேரமும் டிவி முன்னாலயே உக்காந்திருக்கியே."

"நான் கேட்டனா?"

கேட்கவில்லைதான்.

முப்பத்தொரு வருஷம் மின்வாரியத்தில் வேலை பார்த்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். கரண்ட் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று கண்டுபிடிப்பது எனக்குப் புதிதில்லை. நாளைக்குப் பார்ப்போம்.

காற்று கடுமை. மாடித் தகரம் ஒன்று பறந்து பின்வீட்டு முருங்கையில் மாட்டிக்கொண்டது. போய் எடுத்துவந்தேன்.

ஜூலை 4, செவ்வாய்

ஒரு வீட்டில் கரண்ட் இல்லை என்று புகார் வந்தால், நேரே வீட்டுக்குள் போகக் கூடாது. டிரான்ஸ்பார்மரில் ஆரம்பித்து, கம்பம், சர்வீஸ் வயர், மீட்டர் என்று வரிசையாக வர வேண்டும். அதே மாதிரி செய்தேன்.

பிளக் பாயிண்டில் டெஸ்டர் எரிந்தது. மேஜை விளக்கை மாட்டினேன், நன்றாக எரிந்தது. அடுத்து வயர். மானிட்டருக்கும் சிபியுவுக்கும் ஒரே மாதிரி வயர்தான். மாற்றி மாட்டினேன். சிபியு வயரில் மானிட்டரின் சின்ன விளக்கு எரிந்தது. ஆக வயர் நல்ல வயர். சிபியுவின் முதுகில் ஒரு சின்ன சுவிட்ச் இருப்பதைப் பிறகுதான் பார்த்தேன். அது அணைந்திருந்தது. "இதுதான் விஷயம்" என்று செண்பகத்தைக் கூப்பிட்டு, அவள் பார்க்கப் போட்டேன். பட்டனை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பெட்டி வரைக்கும் கரண்ட் வருகிறது. கோளாறு பெட்டிக்குள்தான்.

ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் சங்கரன்கோவில் பஸ் நிற்கும் இடத்தில் கோமதியைப் பார்த்தேன். என் மகன் மகேந்திரனும் அவளும் பிரிந்து மூன்று வருஷம் ஆகிறது. மருமகள் என்று எழுதக் கூடாது. வேறு என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. கோமதி என்றே எழுதுகிறேன். நான் தினத்தாளை விரித்துக்கொண்டு திரும்பி நின்றேன். அவளே பக்கத்தில் வந்துவிட்டாள்.

"மாமா, நல்லா இருக்கீங்களா? அத்தைக்கு மூட்டு ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன். நடக்காங்களா?"

"கம்பு வச்சு நடக்கா. நீ எப்படிம்மா இருக்க?"

"இருக்கேன் மாமா. அதே ஸ்கூல்தான்."

காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி அது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் அங்கேதான் டீச்சர். தோளில் கேமரா பை தொங்கியது. கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"அதான் மாமா, பிள்ளைக வீட்டுல காட்டுற சைகை. மறுபடி மொதல்லருந்து ஆரம்பிச்சிருக்கேன். முன்ன எடுத்த மாதிரி வராது. அந்தப் பிள்ளைக எல்லாம் பெருசாகி ஸ்கூல் சைகைக்கு மாறிட்டாங்க. சின்னதுல வீட்டுல என்ன காட்டுனோம்னு அவங்களுக்கே மறந்துபோச்சு."

குறையாகச் சொல்லவில்லை. வெயிலைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அதற்கும் கம்ப்யூட்டரை இறக்கியதற்கும் சம்பந்தம் இல்லை. செண்பகத்துக்கு நிஜமாகவே பொழுது போகவில்லை.

ஜூலை 5, புதன்

செண்பகத்தை டாக்டரிடம் காட்டி வந்தேன். இன்னும் ஒரு மாதம் கம்பு வேண்டுமாம். சிபியுவைத் தொடவில்லை.

ஜூலை 6, வியாழன்

பெட்டியைத் திறந்தேன். உள்ளே விரல் கனத்துக்குத் தூசி. ஒரு பல்லி காய்ந்து சருகாகக் கிடந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் பொறுமையாகத் துடைத்தேன். எங்கள் வேலையில் வயர் என்றால் சுண்டுவிரல் கனம் இருக்கும். இங்கே எல்லாம் நூல். எதைத் தொட்டாலும் ஒடிந்துவிடும்போல் இருக்கிறது.

மாலையில் மெயின் ரோட்டில் ஸ்டீபன் கடைக்குப் போனேன். பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கிறவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். சொன்னதைக் கேட்டுவிட்டு, மூலையில் கிடந்த ஒரு தகரப் பெட்டியை எடுத்துக் காட்டினார்.

"இதான் சார் எஸ்எம்பிஎஸ். கரண்ட் மொதல்ல இதுக்குத்தான் வரும். இதுதான் பிரிச்சு மத்ததுக்கெல்லாம் குடுக்கும். உங்க பாஷைல சொன்னா டிரான்ஸ்பார்மர். இந்தப் பெரிய பிளக்குல ஒரே ஒரு பச்சை வயர் இருக்கு பாருங்க. அதையும் ஒரு கறுப்பையும் ஜெம் கிளிப் வச்சு இணைங்க. விசிறி சுத்துனா இது நல்லாருக்கு. சுத்தலன்னா முடிஞ்சது."

வீட்டுக்கு வந்து அப்படியே செய்தேன். ஜெம் கிளிப்பை வளைத்து, பச்சையையும் கறுப்பையும் இணைத்து, சுவிட்சைப் போட்டேன். விசிறி அசையவில்லை.

கடையில் ஸ்டீபன் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "உள்ள இருக்கிற ஃபைல்தான் வேணும்னா எதுக்கு சார் இவ்ளோ பாடு? ஹார்ட் டிஸ்க்க மட்டும் கழட்டிட்டு வாங்க. வேற சிஸ்டத்துல போட்டு எடுத்துத் தந்துருதேன். பத்து நிமிஷ வேலை."

"இல்ல. எனக்கு அது ஓடணும்" என்றேன்.

"எதுக்கு சார்?"

சீட்டு விளையாட என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 7, வெள்ளி

ஸ்டீபன் கேட்டது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

இந்த வீட்டில் இருந்த ஐந்து வருஷமும் கோமதி அந்தப் படங்களை எடுத்தாள். பேச்சு வராத பிள்ளை பள்ளிக்கூடம் போகும் முன்பே வீட்டில் தானாகச் சில சைகைகளைக் கண்டுபிடித்து வைத்திருக்கும். தண்ணீருக்கு ஒன்று, ஆட்டுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேறு. பள்ளியில் பொதுச் சைகை பழகியதும் அதெல்லாம் போய்விடும். போவதற்கு முன் அவள் படம் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் சொல், பிள்ளையின் பெயர், ஊர் எல்லாம் எழுதி இந்தக் கம்ப்யூட்டரில் சேர்த்தாள். சனி ஞாயிறு என்றால் கயத்தாறு, கழுகுமலை, குருவிகுளம் என்று பஸ் ஏறிப் போவாள். மகேந்திரனுக்கு அது பிடிக்கவில்லை. அவனுக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்தபோது வேலையை விட்டுவிட்டு வரச் சொன்னான். அவள் ஒரு வருஷம் தவணை கேட்டாள். பேச்சு முற்றியது. கடைசியில் பிரிவதென்று முடிவாயிற்று.

வக்கீல் ஆபீசில் இரண்டு பக்கத்தாரும் உட்கார்ந்தோம். அவள் நகையைக் கேட்கவில்லை, பாத்திரம் கேட்கவில்லை. "கம்ப்யூட்டர்ல இருக்கிற என் படங்கள மட்டும் தந்துருங்க" என்றாள். மகேந்திரன், "வைரஸ் வந்துச்சு, எல்லாத்தையும் அழிச்சாச்சு. ஒண்ணும் இல்ல" என்றான். அவள் நம்பாமல் பார்த்தாள். அவளுடைய அப்பா, "தம்பி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"என் மகன் பொய் சொல்லி நான் பார்த்ததில்ல. இல்லைன்னா இல்லதான். என் வார்த்தைய நம்புங்க" என்றேன்.

அதன் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆகவே அந்தப் படங்கள் இதில் இல்லை. இல்லாததை எடுத்துத் தரச் சொல்லி ஸ்டீபனிடம் எதற்குக் கொடுக்க வேண்டும்?

ஜூலை 9, ஞாயிறு

அந்த எஸ்எம்பிஎஸ்ஸைப் பிரித்தேன். உள்ளே கெபாசிட்டர்கள் இருக்கும், கரண்டை எடுத்த பிறகும் அடி கொடுக்கும். அதனால் இரண்டு நாள் வயர் மாட்டாமல் வைத்திருந்தேன். மூன்று கெபாசிட்டர்கள் தலை வீங்கி, பழுப்பாகக் கசிந்திருந்தன. இனி தேறாது.

செண்பகம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசமாவே கெட்டுப்போச்சா?" என்றாள்.

அவள் கேட்ட விதம் விநோதமாக இருந்தது. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது, ஓடவில்லை என்று சொல்லி, நான் தென்காசிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று ஆள் வைத்துப் பரணில் ஏற்றியதே அவள்தான்.

ஜூலை 11, செவ்வாய்

ஸ்டீபனிடம் பழைய எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். நான்கு திருகாணி. பெரிய பிளக், சின்னப் பிளக் எல்லாம் ஒவ்வொரு விதம். மாற்றிச் சொருக முடியாதபடி செய்திருக்கிறான், நல்ல யோசனை.

பட்டனை அழுத்தியதும் விசிறி சுற்றியது. எனக்கே தெரியாமல் "வந்துட்டு!" என்று சத்தம் போட்டுவிட்டேன். அடுப்படியில் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றது. ஆனால் மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. உள்ளேயிருந்து பீப், பீப் என்று விட்டுவிட்டு ஒரு கூப்பாடு.

செண்பகம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பாத்திரச் சத்தம் மறுபடி கேட்டது.

ஜூலை 12, புதன்

ஸ்டீபன் போனில் சொன்னபடி ராம் என்கிற நீளப் பட்டையைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பல்வரிசையை ரப்பரால் அழித்துத் துடைத்து, மறுபடி கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். பீப் நின்றது. மானிட்டரில் வெள்ளை எழுத்துகள் ஓடின. தேதி 2008 ஜனவரி 1 என்று காட்டியது. காசு மாதிரி இருக்கும் உள் பேட்டரி தீர்ந்தால் அப்படித்தானாம். ஒரு பட்டனைத் தட்டினால் மேலே போகும் என்றார். தட்டினேன். போயிற்று. பச்சைப் புல்வெளிப் படம் வரும் என்று நினைத்தேன். பாஸ்வேர்டு கேட்டு ஒரு கட்டம் வந்தது.

மகேந்திரனுக்குப் போன் செய்தேன்.

"எந்தக் கம்ப்யூட்டர்? அந்த ஓட்டையா? தூக்கிப் போடுங்கப்பா. அம்மாக்கு நான் ஒரு டேப்லெட் வாங்கி அனுப்புதேன்."

"பாஸ்வேர்டு என்னப்பா?"

"எனக்கு ஞாபகம் இல்ல. எதுக்குக் கேக்கீங்க?"

"அம்மா சீட்டு விளையாட."

"அதுல ஒண்ணும் இல்லப்பா" என்றான்.

என்ன இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை.

ஜூலை 13, வியாழன்

மகேந்திரனின் பிறந்த தேதி, கல்யாணத் தேதி, பைக் நம்பர், வீட்டு நம்பர், என் பெயர் சங்கரபாண்டி, அவன் படித்த கல்லூரி. ஒன்றும் எடுக்கவில்லை.

செண்பகம் சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுக் கீபோர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆறுது, சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை 15, சனி

மத்தியானம் நான் தூங்கி எழுந்து வந்தபோது செண்பகம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மானிட்டரில் சீட்டுக் கட்டு விரிந்திருந்தது. பச்சை மேஜையில் ஏழு வரிசை.

"எப்படித் திறந்த?"

"என் பேருதான். செண்பகவல்லி, ஒண்ணு ரெண்டு மூணு. அவ வச்சது. நான் மறந்துடக் கூடாதுன்னு."

அவ என்றால் யாரென்று நான் கேட்கவில்லை. சீட்டு விளையாட இவளுக்குக் கற்றுக்கொடுத்ததே கோமதிதான். சாயந்தரம் பள்ளியிலிருந்து வந்ததும் இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதி உட்கார்ந்து விளையாடுவார்கள்.

"அப்ப ரெண்டு நாளா நான் மண்டைய உடைச்சப்ப ஏன் சொல்லல?"

மவுஸை நகர்த்திச் சீட்டை மூடினாள். அடுத்து ஒரு மஞ்சள் ஃபோல்டர் மேல் கொண்டு வைத்தாள். அதன் பெயர் 'கை'. இரண்டு தட்டு தட்டினாள்.

திரை நிறையப் பிள்ளைகள். சின்னச் சின்னக் கட்டங்களில், கையைத் தூக்கிக்கொண்டு, மூக்கைத் தொட்டுக்கொண்டு, விரலை மடக்கிக்கொண்டு. கீழே கீழே இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது.

நின்றுகொண்டிருந்தவன் உட்கார்ந்தேன்.

"எப்பலருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"வக்கீல் ஆபீஸ் போயிட்டு வந்தீங்கல்ல, மறுநாளே. சீட்டு விளையாட உக்காந்தேன். இருந்த எடத்துலயே இருந்துச்சு. வைரஸும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"ஏன் செண்பகம் எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்ல? அத்தன பேரு முன்னால நெஞ்சத் தொட்டுச் சொல்லிட்டு வந்து நிக்கீங்க. நீங்க வாக்குக் குடுத்தா ஊர்ல நம்புவாங்க. உங்க வாக்க நான் போயி எப்படிப் பொய்யாக்க? அவனும் என் பிள்ளை." கண்ணீரைத் துடைத்துக்கொள்ளவில்லை, தானாக வழிந்தது. "தெனமும் சீட்டு விளையாட உக்காந்தா அந்தப் பிள்ளைக மூஞ்சிதான் தெரியும். பார்க்க முடியல. அதான் கெட்டுப்போச்சுன்னு சொல்லி மேல ஏத்திட்டேன். ஏத்தும்போது நல்லாத்தான் இருந்துச்சு."

நான் வெளியே போய் நின்றேன். காற்று அப்படித் தள்ளியது. தெருவில் ஒருவர் சைக்கிளை ஓட்ட முடியாமல் உருட்டிக்கொண்டு போனார்.

ஜூலை 16, ஞாயிறு

நான் முழு நாளும் படங்களைப் பார்த்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு சொற்கள். சில சொற்களுக்கு இரண்டு மூன்று படங்கள், கை நகர்வதைக் காட்ட.

உள்ளங்கை ஓரத்தில் கட்டை விரலை உரசினால் தீப்பெட்டி. அந்தப் பிள்ளையின் அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிறவளாம். அதையும் எழுதி வைத்திருக்கிறாள். அம்மாவுக்கு ஒரு பெண் கொண்டை முடிவதுபோல் காட்டுகிறாள், இன்னொரு பையன் தன் மூக்கின் இடது பக்கம் தொடுகிறான். மூக்குத்தி. குருவிகுளத்துப் பெண் ஒருத்தி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, அடுத்த படத்தில் வாயைப் பெரிதாகத் திறந்து சிரிக்கிறாள். கீழே எழுதியிருந்தது: கரண்ட் போய்த் திரும்ப வருவது.

முப்பத்தொரு வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்புக்காகத்தான் எத்தனை கம்பம் ஏறியிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு என்னைத் தெரியாது.

மகேந்திரனை வளர்த்தது நான்தான். பொய் சொல்லி நான் பார்த்ததில்லை என்றது உண்மை. பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 17, திங்கள்

ஆடி பிறந்தது. செண்பகம் பாயசம் வைத்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

சாப்பிட்டு முடித்ததும், "பென் டிரைவ் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. அதுல ஏத்துறது எப்படின்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

வாங்கி வந்தேன். ஏற்றினாள். நாற்பது நிமிஷம் ஆயிற்று. பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். நடுவில் கரண்ட் போய்விடக் கூடாதே என்று இருந்தது. போகவில்லை.

ஜூலை 18, செவ்வாய்

கோமதியின் நம்பர் என் போனில் அழியாமல் இருந்தது. காலையிலிருந்து மூன்று முறை எடுத்துவிட்டு வைத்தேன். மாலை நாலரைக்குப் பேசினேன்.

"ஞாயித்துக்கெழம வீட்டுல இருப்பியாம்மா? நானும் அத்தையும் வரலாம்னு."

"என்ன மாமா, எதும் பிரச்சினையா?"

"பிரச்சினை இல்ல. உன் பொருள் ஒண்ணு எங்ககிட்ட இருக்கு. அப்பாவையும் இருக்கச் சொல்லு."

"வாங்க" என்றாள். என்ன பொருள் என்று கேட்கவில்லை.

ஜூலை 21, வெள்ளி

பென் டிரைவை ஸ்டீபன் கடையில் கொடுத்து, அவருடைய கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். திறக்கிறது. "யார் சார் இந்தப் பிள்ளைக?" என்று கேட்டார். "மருமக எடுத்தது" என்று வாயில் வந்துவிட்டது. திருத்தவில்லை.

ஜூலை 23, ஞாயிறு

காலை எட்டரை சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏறினோம். செண்பகத்துக்கு முன்சீட்டு கிடைத்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பஸ் ஏறுவது இதுதான் முதல் தடவை. ஆட்டோவில் போகலாம் என்றேன், கேட்கவில்லை.

கோமதியின் வீடு பழைய இடத்தில்தான். உள்ளே தறி ஓடும் சத்தம். எங்களைப் பார்த்ததும் அவளுடைய அப்பா தறியை நிறுத்திவிட்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். "வாங்க" என்றார். முகத்தில் வேறு ஒன்றும் இல்லை. கோமதி ஓடிவந்து செண்பகத்தின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள், காலடியில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள்.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

"அன்னைக்கு வக்கீல் ஆபீஸ்ல உங்க எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்த சொன்னேன். அது தப்பு. படம் அழியல. எங்க வீட்டுலயேதான் இருந்திருக்கு. பார்க்காமலே சொல்லிட்டேன்" என்று சொல்லி, பென் டிரைவை மேஜைமேல் வைத்தேன்.

கோமதியின் அப்பா என்னையே பார்த்தார். பிறகு, "மொதல்ல உக்காருங்க" என்றார்.

கோமதி அதை எடுத்துக்கொண்டு போய்த் தன் லேப்டாப்பில் சொருகினாள். முதல் படத்தைத் திறந்தாள். அடுத்தது. அடுத்தது. படத்தைப் பார்க்கப் பார்க்க அவளுடைய வலது கை தானாக அதே சைகையைச் செய்துகொண்டிருந்தது. அவளுக்கே அது தெரிந்ததுபோல் இல்லை. சுமார் இருபது படம் போயிருக்கும். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவரு அழிச்சிட்டேன்னு சொன்னப்ப நான் நம்பல மாமா" என்றாள். திரும்பாமலே சொன்னாள். "வக்கீலம்மாகூட, மனு போட்டு அந்தக் கம்ப்யூட்டரையே கேட்ருவோம்னாங்க. நானும் சரின்னுதான் இருந்தேன். அப்புறம் நீங்க சொன்னீங்க. மாமா சொன்னா இருக்கும்னு நெனச்சேன். அதான் விட்டுட்டேன்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அவளுடைய அப்பா எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

செண்பகம்தான் கம்பை ஊன்றி எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றாள்.

"எனக்குத் தெரியும்டி. தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்."

கோமதி திரும்பி அவளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்ததுபோல் எனக்குத் தோன்றியது. பிறகு நாற்காலியில் ஒரு ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள். "காலுக்கு ஆகாது, நிக்காதீங்க" என்றாள். செண்பகம் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் செண்பகம், "இது என்ன? தாடைய இப்படித் தடவுது?" என்று கேட்பதும், கோமதி, "அது வெள்ளாடு. அவங்க வீட்டு ஆட்டுக்குத் தாடி இருந்திருக்கு" என்று சொல்வதும் காதில் விழுந்தது. கோமதியின் குரல் சரியாக வரவில்லை. ஆனாலும் சொன்னாள்.

காபி வந்தது, குடித்தோம். புத்தகமாகப் போட ஒரு இடத்தில் கேட்டிருக்கிறார்கள் என்றும், இப்போது சேர்த்திருக்கும் இருநூறு சொல் போதாது என்றதால் அது நின்றுபோய்க் கிடக்கிறது என்றும் அவளுடைய அப்பா சொன்னார். கிளம்பும்போது வாசல் வரை வந்த கோமதி, "அவருகிட்ட இதப் பத்தி ஒண்ணும் கேக்க வேண்டாம் மாமா. முடிஞ்சது முடிஞ்சதுதான்" என்றாள். எங்களை வரச் சொல்லவும் இல்லை, வர வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

திரும்பும் பஸ் கழுகுமலையைத் தாண்டியது.

"இளைச்சுட்டா" என்றாள் செண்பகம்.

"ஆமா" என்றேன்.

ஜூலை 24, திங்கள்

கேட்க வேண்டாம் என்று கோமதி சொன்னாள். ஆனாலும் கேட்டேன். காலை ஏழு மணிக்கு, அவன் ஆபீசுக்குக் கிளம்பும் முன்.

"அந்தப் படமெல்லாம் அப்படியே இருக்கு மகேந்திரா. நேத்து நானும் அம்மாவும் போயிக் குடுத்துட்டு வந்துட்டோம்."

போன் கட்டாகிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். ஆகவில்லை.

"கோவம்ப்பா" என்றான் கடைசியில். "அவளுக்கு என்னைவிட அதுதான் பெருசு. அது அவளுக்குக் கிடைக்கக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன். அழிக்கத்தான் நெனச்சேன். திறந்து பார்த்துட்டு, அழிக்க முடியல."

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். குழந்தையில் அவன் காய்ச்சலோடு படுத்திருந்தபோது கேட்ட குரல் மாதிரி இருந்தது.

"இதை எங்கிட்ட சொல்லி என்ன? அவளுக்குப் போன் போட்டு நீயே சொல்லு. மன்னிப்பாளா, மாட்டாளாங்கிறது வேற. நீ சொல்லு."

"சொல்லுதேன்ப்பா."

"எப்ப?"

"சொல்லுதேன்."

போனை வைத்தேன். செண்பகம் எதிரில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் கேட்டிருப்பாள், என் போனில் சத்தம் அதிகம்.

"சொல்லுவானா?" என்று கேட்டாள்.

முன்பென்றால் அவள் கேட்டு முடிக்கும் முன்பே பதில் சொல்லியிருப்பேன்.

"தெரியல" என்றேன்.